பேரனுக்குப் போகும் 'சர்' பட்டம்

முன்குறிப்பு: கொஞ்சம் நீளமான பதிவு. கடுப்புல எழுதினது. டீயோ பஜ்ஜியோ பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படிங்க மக்களே.

போன வாரம் டீ குடிக்கப் போன இடத்துல, கூட வேலை பார்க்கிற நண்பரோட ஒரு வாக்குவாதம். பேச்சு எங்கேயோ ஆரம்பிச்சு நம்ம ஊர் வாரிசு அரசியல்ல வந்து நின்னுச்சு. நண்பர் சொன்னார்: "வெள்ளைக்காரன் அப்படி இல்ல பாஸ். அவன் ஊர்ல ஒருத்தர் பேருக்கு முன்னாடி சர்னு இருந்தா, அவர் எதையோ சாதிச்சிருக்கார்னு அர்த்தம். அப்பன் பேரைச் சொல்லி அங்க ஒண்ணும் நடக்காது."

"பேரனெட்னு ஒண்ணு இருக்கே, கேள்விப்பட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டேன்.

"அதென்ன, ஈதர்நெட் மாதிரி ஏதாவதா?"ன்னார்.

சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள மீட்டிங்குக்கு நேரமாயிடுச்சு. அங்க விட்டதை இங்க முடிச்சு வைக்கிறேன். பாவம், அவரைத் தப்பு சொல்ல முடியாது. அந்தப் பட்டத்தோட வெற்றியே அதுதான். சாதிச்சவனுக்குக் கொடுக்கிற அதே 'சர்' என்ற சொல்லைப் பிறந்ததைத் தவிர வேற எதுவும் செய்யாதவனுக்கும் போட்டுவிட்டு, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம வெச்சிருக்கு.

முதல்ல, இது என்ன படி?

பிரிட்டன்ல பிரபுக்கள் அஞ்சு படி. மேலேயிருந்து கீழே டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பேரன். (நம்ம வீட்டுப் பேரன் இல்லீங்க, இது பதவிப் பேரன்.) பேரனெட் என்பவர் இந்த அஞ்சுலயும் சேர மாட்டார். பேருக்குள்ள 'பேரன்' ஒட்டிக்கிட்டு இருந்தாலும் ஆள் பிரபு கிடையாது. சட்டப்படி சாமானியர்தான். இந்தப் பட்டத்தை வெச்சு பிரபுக்கள் சபையில ஒரு நாளும் யாருக்கும் நாற்காலி கிடைச்சதில்லை. வேணும்னா மக்கள் சபைக்குத் தேர்தல்ல நின்னு போகலாம். நிறைய பேர் போயிருக்காங்க.

சரி, அப்போ நைட்டா? அதுவும் இல்லை. நைட் பட்டம் ஒருத்தர் ஆயுளோட முடிஞ்சுடும். பேரனெட் பட்டம் அப்பாகிட்டேயிருந்து பிள்ளைக்கு, பிள்ளைகிட்டேயிருந்து பேரனுக்குன்னு போய்க்கிட்டே இருக்கும். (தமிழ்ல எழுதும்போது பேரு எவ்வளவு பொருத்தமா அமைஞ்சிருக்கு பாருங்க!) ரெண்டு பேருக்குமே பேருக்கு முன்னாடி 'சர்'. ரெண்டு பேர் மனைவிக்கும் 'லேடி'. பேரனெட் மட்டும் பேருக்குப் பின்னாடி ரெண்டெழுத்துச் சுருக்கம் ஒண்ணு போட்டுக்குவார். பத்திரிகையில அதை யார் கவனிக்கிறாங்க?

(போற போக்குல ஒரு சின்ன விஷயம். 'சர்' எப்பவுமே முதல் பெயரோடதான் சேரும். 'சர் மன்றோ'ன்னு எழுதுறது தப்பு, 'சர் தாமஸ் மன்றோ' அல்லது 'சர் தாமஸ்'. நம்ம ஊர்ல பலரும் இதைத் தப்பா எழுதுறாங்க. நானும் எழுதியிருக்கேன், ஹிஹி.)

இப்போ முக்கியமான இடத்துக்கு வாங்க. அரசு விழாவுல யார் முன்னாடி, யார் பின்னாடின்னு அங்க ஒரு முறையான வரிசை உண்டு. அதுல கார்ட்டர், திசில் என்ற ரெண்டு உயர்ந்த நைட் வகைகளைத் தவிர, மத்த எல்லா நைட்களுக்கும் மேலே நிக்கிறவர் பேரனெட். அதாவது, உழைச்சு வாங்கின சர், பொறந்து வாங்கின சருக்குப் பின்னாடி நிக்கணும்.

நம்ம துறையிலேயே பார்ப்போம். இந்தப் பதிவை நீங்க படிக்க முடியுதுன்னா அதுக்குக் காரணம் டிம் பெர்னர்ஸ்-லீ. வலையைக் கண்டுபிடிச்ச மனுஷன். அந்தத் தொழில்நுட்பத்தை யாரும் காசு கொடுக்காமப் பயன்படுத்தலாம்னு 1993-ல் உலகத்துக்கே திறந்து விட்டாங்க. 2004-ல் அவருக்கு நைட் பட்டம் கிடைச்சது. வரிசைப்படி, நானூறு வருஷத்துக்கு முன்னாடி காசு கட்டின யாரோ ஒருத்தரோட வழித்தோன்றலுக்குப் பின்னாடிதான் சர் டிம் நிக்கணும். நம்ம சி.வி. ராமன் 1929-ல் சர் ஆனார். அந்த சர் 1970-ல் அவரோட போயிடுச்சு. நியூட்டனோட சர் 1727-ல் அவரோட போயிடுச்சு. போக வேண்டியதுதான், அதுதான் நியாயம். ஒளிச்சிதறலைக் கண்டுபிடிச்சவர் அவர். அவர் பிள்ளை இல்லையே?

அது என்ன 'காசு கட்டின'?

1611-ம் வருஷம் மே மாசம். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் கையில காசு இல்லை. அயர்லாந்துல அல்ஸ்டர் பகுதியில குடியேற்றம் நடக்குது, அதைக் காக்கப் படை வேணும். படைக்குச் சம்பளம் வேணும். மன்னர் ஒரு புதுப் பட்டத்தை உருவாக்கினார். வருஷத்துக்கு ஆயிரம் பவுண்டு வருமானம் இருக்கணும். தாத்தா குலச்சின்னம் வைத்திருந்த குடும்பமா இருக்கணும். கூடவே, 30 சிப்பாய்களுக்கு 3 வருஷச் சம்பளத்தைக் கட்டணும். கட்டினா நீங்க சர், உங்க பிள்ளை சர், அவர் பிள்ளை சர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு சிப்பாய்க்கு ஒரு நாள் கூலி 8 பென்ஸ். 30 சிப்பாய்க்கு 240 பென்ஸ். அந்தக் காலத்துல 240 பென்ஸ் ஒரு பவுண்டு. ஆக ஒரு நாளைக்குச் சரியா ஒரு பவுண்டு. மூணு வருஷத்துக்கு 365-ஐ மூணால பெருக்கினா 1,095. அதுதான் விலை, 1,095 பவுண்டு. தவணையிலயும் கட்டலாம். :)

முதல்ல வாங்கினவர் நிக்கோலஸ் பேக்கன் என்கிற நிலக்கிழார். இருநூறு பேருக்கு மேல கொடுக்க மாட்டேன்னு மன்னர் வாக்குக் கொடுத்தார். பின்னாடி வந்தவங்க காலத்துல அந்த வாக்கு காத்துல போச்சு. நிறைய வித்தா விலை இறங்கும்ல? இறங்குச்சு. பேரனெட்களோட சின்னத்துல இன்னிக்கும் ஒரு சிவப்புக் கை இருக்கும். அல்ஸ்டரோட அடையாளம் அது. பட்டம் எதுக்கு வந்துச்சுன்னு அந்தக் கையே சொல்லுது. எனக்கு அது காசுக்கு நீட்டின கையாத்தான் தெரியுது.

இதைவிடக் கூத்து ஸ்காட்லாந்து கதை. ஜேம்ஸுக்கு அப்புறம் வந்த முதலாம் சார்லஸ் 1625-ல் 'நோவா ஸ்கோஷியா பேரனெட்' என்று இன்னொரு வகையை ஆரம்பிச்சார். இப்போ கனடாவுல இருக்கிற நோவா ஸ்கோஷியாவுல குடியேற்றம் நடத்தப் பணம் திரட்டறதுக்கு. பணம் கட்டுறவங்களுக்கு அங்க நிலமும் உண்டு, பட்டமும் உண்டு. ஆனா நிலத்தை நேர்ல போய்ப் பெற்றுக்கணும்னா அட்லாண்டிக் சமுத்திரம் தாண்டணுமே? அதுக்கும் வழி கண்டுபிடிச்சாங்க. எடின்பரோ கோட்டையில இருக்கிற ஒரு துண்டு மண்ணை 'இதுவும் நோவா ஸ்கோஷியாதான்'னு அறிவிச்சுட்டாங்க! அந்த மண்ணைக் கையில வாங்கினா நிலம் கைக்கு வந்த மாதிரி.

நம்ம ஊர்ல ஏரியில பிளாட் போட்டு விக்கிறவங்க இதைப் படிச்சா கண்ணுல தண்ணி விடுவாங்க.

1632-ல் அந்தப் பகுதியை ஒப்பந்தப்படி பிரான்ஸுக்கே கொடுத்துட்டாங்க. நிலம் போச்சு, பட்டம் போச்சா? போகலை. அதுக்கப்புறமும் 1707 வரைக்கும் நோவா ஸ்கோஷியா பேரனெட் பட்டம் புதுசு புதுசாக் கொடுத்துக்கிட்டே இருந்தாங்க.

சரி, அது பழைய காலம்ங்கறீங்களா? இருபதாம் நூற்றாண்டுக்கு வாங்க. முதல் உலகப் போர் முடிஞ்ச சமயம், பிரதமர் லாயிட் ஜார்ஜ் காலத்துல பட்டங்களுக்கு விலைப்பட்டியலே இருந்ததாப் பேசப்பட்டுச்சு. நைட்டுக்கு 10,000 பவுண்டு, பேரனெட்டுக்கு 30,000-க்கு மேல. நாத்தம் தாங்காம 1925-ல் பட்டம் விக்கிறதைக் குற்றமாக்கிச் சட்டம் கொண்டு வந்தாங்க. அந்தச் சட்டத்துல 1933-ல் தண்டனை வாங்கினவர் மாண்டி கிரிகரி என்ற தரகர். வித்த தரகருக்கு ஜெயில். வாங்கினவங்க பிள்ளைகளுக்கு சர்.

அதனாலதான் சொல்றேன், பரம்பரையா வர்ற இந்த சர் ஒரு ரசீது. எல்லாமே காசுக்கு வாங்கினதுன்னு சொல்ல வரலை. எழுத்தாளர் வால்டர் ஸ்காட் 1820-ல் பேரனெட் ஆனார், எழுத்துக்காகக் கிடைச்ச மரியாதை. நான் சொல்றது பட்டத்தோட அமைப்பை. முதல் ஆள் காசைக் கட்டியிருந்தாலும் சரி, புத்தகம் எழுதியிருந்தாலும் சரி, ரெண்டாவது ஆளுக்குக் கிடைக்கிறது ரசீதோட நகல்தான்.

மெட்ராஸுக்கு ஒரு எட்டு போய்ட்டு வருவோம்

இந்தப் பட்டம் நமக்கு ரொம்பத் தூரத்து விஷயம் இல்லை. சென்னையில தீவுத்திடல் பக்கம் போறவங்க எல்லாரும் ஒரு பேரனெட்டைப் பார்த்திருப்பீங்க. சேணமும் இல்லாம அங்கவடியும் இல்லாம குதிரை மேல உக்காந்திருக்காரே, அவர்தான். மெட்ராஸ் கவர்னர் சர் தாமஸ் மன்றோ, 1825-ல் பேரனெட் ஆனவர். ரயத்துவாரி முறையைக் கொண்டு வந்தவர். அதுல ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். ஆனா மனுஷன் நம்ம மாவட்டங்கள்ல பல வருஷம் அலைஞ்சு வேலை பார்த்தவர், 1827-ல் சுற்றுப்பயணத்துல இருக்கும்போதே பத்திகொண்டாவுல காலராவுல செத்தவர். அவருக்கு மரியாதை கொடுக்கிறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.

ஆனா அவருக்கு அரை நூற்றாண்டு முன்னாடி, அதே மெட்ராஸ் கவர்னர் நாற்காலியில இன்னொருத்தர் இருந்தார். சர் தாமஸ் ரம்போல்ட். 1778-ல் வந்தார், 1779-ல் பேரனெட் ஆனார், 1780-ல் கிளம்பிட்டார். 1781-ல் கிழக்கிந்தியக் கம்பெனியே அவரை டிஸ்மிஸ் பண்ணிடுச்சு. மெட்ராஸ்ல சேர்த்த பணம் பத்தி நாடாளுமன்றத்துல விசாரணை, அவரைத் தண்டிக்க ஒரு மசோதா எல்லாம் வந்துச்சு. கடைசியில மசோதாவைக் கைவிட்டுட்டாங்க. குற்றம் நிரூபணமாகலை, சரி. ஆனா கம்பெனியே வேலையை விட்டுத் தூக்கின ஆளுக்குப் பட்டம் மட்டும் அப்படியே இருந்துச்சு, வாரிசுகளுக்கும் போச்சு.

மன்றோவும் பேரனெட், ரம்போல்ட்டும் பேரனெட். பட்டத்தை மட்டும் பார்த்தா எது எவர்னு கண்டுபிடிக்க முடியுமா?

கதை இங்க முடியலை, ஒரு நல்ல திருப்பம் இருக்கு. அந்த ரம்போல்ட் குடும்பத்து ஒன்பதாவது பேரனெட் சர் ஹொரேஸ் ரம்போல்ட். 1928-லிருந்து 1933 வரைக்கும் பெர்லின்ல பிரிட்டிஷ் தூதர். ஹிட்லர் பதவிக்கு வந்த சில மாசத்துலயே, இந்த ஆளை நம்பாதீங்க, அவர் எழுதின புத்தகத்தை ஒழுங்காப் படிங்க, அதுல சொன்னதை எல்லாம் செய்வார்னு லண்டனுக்கு எச்சரிக்கை அனுப்பினவர். ஊரே தூங்கிக்கிட்டு இருந்தப்போ முழிச்சிருந்த மனுஷன்.

அதே சமயத்துல லண்டன்ல இன்னொரு பேரனெட். மோஸ்லி குடும்பத்து ஆறாவது பேரனெட் சர் ஆஸ்வால்ட் மோஸ்லி. 1928-ல் அப்பா இறந்ததும் சர் ஆனவர். 1932-ல் பிரிட்டிஷ் ஃபாசிஸ்ட் கட்சியை ஆரம்பிச்சவர். 1936-ல் பெர்லின்ல கோயபல்ஸ் வீட்ல கல்யாணம் பண்ணிக்கிட்டார், விருந்தாளிகள்ல ஹிட்லரும் ஒருத்தர். 1940-ல் பிரிட்டிஷ் அரசே அவரைப் பிடிச்சு உள்ள போட்டுச்சு. 1980-ல் சாகிற வரைக்கும் அவர் 'சர்'தான். அப்புறம் பட்டம் பிள்ளைக்குப் போச்சு.

இப்போ சொல்லுங்க. ஹிட்லரைப் பத்தி எச்சரிச்சவரும் சர், ஹிட்லரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டவரும் சர். ரெண்டு பேரும் ஒரே படி. முதலாமவருக்கு அந்தப் பட்டம் தேவையே இல்லை, செஞ்ச வேலையே போதும். ரெண்டாமவர்கிட்டே இருந்து அதைப் பிடுங்க வழியில்லை. நல்லவனுக்கு எதையும் சேர்க்காத, கெட்டவன்கிட்டே இருந்து எதையும் எடுக்காத ஒண்ணுக்குப் பேர் மரியாதையா?

நைட் பட்டத்துல அப்படி இல்லை, கவனிங்க. சோவியத் உளவாளின்னு தெரிஞ்சதும் கலை வரலாற்று அறிஞர் ஆன்டனி பிளண்ட்டோட நைட் பட்டத்தை 1979-ல் பிடுங்கினாங்க. வங்கியைக் கவிழ்த்தார்னு ஃப்ரெட் குட்வினோட பட்டத்தை 2012-ல் ரத்து பண்ணினாங்க. சம்பாதிச்ச பட்டத்தை இழக்கலாம். பிறப்பால வந்ததை மட்டும் தொட மாட்டாங்க.

வேண்டாம்னு உதறுறதும் சுலபம் இல்லை. ஜாலியன்வாலா பாக் நடந்ததும் தாகூர் 1919-ல் வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதி, சர் பட்டம் வேண்டாம்னு சொன்னார். பரம்பரைப் பிரபுக்களுக்குக்கூட 1963-ல் ஒரு சட்டம் வந்துச்சு, பட்டத்தைத் துறக்கலாம்னு. டோனி பென் அப்படித் துறந்துதான் மக்கள் சபைக்குத் திரும்பினார். அந்தச் சட்டம் பேரனெட்டுக்குப் பொருந்தாது. பயன்படுத்தாம சும்மா இருக்கலாம், அவ்வளவுதான். அன்இன்ஸ்டால் ஆப்ஷனே இல்லாத சாஃப்ட்வேர்.

மகள் இருக்காளே, அவளுக்கு?

இதுதான் என்னை ரொம்பக் கடுப்பேத்தினது.

1964-க்குப் பிறகு புதுசா பேரனெட் பட்டம் கொடுக்கிறதையே நிறுத்திட்டாங்க, ஒரே ஒரு தடவை தவிர. 1990-ல் மார்கரெட் தாட்சர் பதவி விலகினதும் அவர் கணவர் டெனிஸ் தாட்சருக்குக் கொடுத்தாங்க. அந்த அம்மாவோட அரசியல் எனக்கு ஒத்துவராது. ஆனா பதினோரு வருஷம் நாட்டை ஆண்டவர், பிரிட்டனோட முதல் பெண் பிரதமர். அவங்களுக்கு இரட்டைக் குழந்தைகள், மார்க், கரோல். ஒரே நாள்ல, ஒரே வயித்துல பிறந்தவங்க. 2003-ல் டெனிஸ் இறந்ததும் பட்டம் யாருக்குப் போச்சு?

மார்க்குக்கு. சட்டப்படி கரோல் வரிசையிலேயே கிடையாது. முதல் பெண் பிரதமர் வீட்டுலயே பொண்ணுக்கு இதுதான் நிலைமை.

சர் ஆன மார்க், 2005 ஜனவரியில தென்னாப்பிரிக்க நீதிமன்றத்துல கூலிப்படைத் தடைச் சட்டத்தின் கீழ குற்றத்தை ஒப்புக்கொண்டார். எக்குவடோரியல் கினியாவுல ஆட்சியைக் கவிழ்க்க நடந்த சதி சம்பந்தப்பட்ட வழக்கு. ஹெலிகாப்டருக்குப் பணம் கொடுத்தேன், எதுக்குன்னு முழுசாத் தெரியாதுன்னு அவர் தரப்பு. 30 லட்சம் ராண்ட் அபராதம், நாலு வருஷம் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை. பட்டத்துக்கு ஒரு கீறல்கூட விழலை.

பெண்கள் வாங்கினதே இல்லையான்னு கேட்டா, 1635-ல் மேரி போல்ஸ் என்ற அம்மாவுக்கு நேரடியாக் கொடுத்தாங்க. அப்படி நேரடியாப் பட்டம் வாங்கின ஒரே பெண் அவங்கதான். பழைய ஸ்காட்டிஷ் பட்டங்கள் ஒண்ணு ரெண்டு பெண் வழியாப் போகலாம். மத்தபடி ஆண் வாரிசு இல்லைன்னா பட்டம் எங்கேயோ இருக்கிற ஒண்ணுவிட்ட சித்தப்பா பையனைத் தேடிப் போகும், இல்லைன்னா செத்துப் போகும். வீட்ல நாலு பொண்ணுங்க உக்காந்திருந்தாலும் சரி.

பிரிட்டிஷ் மகுடமே மாறிடுச்சுங்க. 2013-ல் சட்டம் போட்டு, 2011 அக்டோபர் 28-க்கு அப்புறம் பிறந்தவங்கள்ல மூத்தது பொண்ணா இருந்தாலும் அவளுக்கு அடுத்துதான் தம்பின்னு மாத்திட்டாங்க. நாட்டோட ராணியா ஒரு பொண்ணு வரிசைப்படி வரலாம். ஆனா அதே ராணிக்கு முன்னாடி தலை குனியுற பேரனெட்டோட பொண்ணு, அப்பா பட்டத்தைத் தொட முடியாது.

பாட்டி வரைக்கும் தோண்டின டி.என்.ஏ.

யார் உண்மையான பேரனெட்னு பதிவு பண்ண ஒரு அதிகாரபூர்வப் பட்டியல் இருக்கு, 1910-ல் ஏற்படுத்தினது. அதுல பேர் வரணும்னா வாரிசுன்னு நிரூபிக்கணும். அங்கதான் வந்துச்சு பிரிங்கிள் வழக்கு.

சர் ஸ்டூவர்ட் பிரிங்கிள், பத்தாவது பேரனெட். பிரிட்டிஷ் ராயல் மரீன் படையோட தலைவரா இருந்தவர். 1981-ல் ஐ.ஆர்.ஏ. கார்ல வெச்ச குண்டு வெடிச்சு ஒரு காலை இழந்தார். அப்படியும் பதவியில தொடர்ந்தார். அவர் சேவைக்கு நைட் பட்டமும் தனியாக் கிடைச்சது. 2013-ல் இறந்தார். அடுத்த பேரனெட் யாருன்னு சண்டை, பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. 2016-ல் தீர்ப்பு. டி.என்.ஏ. பரிசோதனைப்படி ஒன்பதாவது பேரனெட், எட்டாவது பேரனெட்டோட பிள்ளை இல்லை. அதனால சர் ஸ்டூவர்ட்டோட மகனுக்குப் பட்டம் இல்லை, இன்னொரு கிளைக்குத்தான்.

அதாவது, செத்துப்போன ஒரு பாட்டியோட அந்தரங்கத்தை நீதிபதிகள் உக்காந்து அலசணும். எதுக்கு? 1683-ல் கொடுத்த ஒரு நோவா ஸ்கோஷியா பட்டத்துக்கு. 1683-ல் நோவா ஸ்கோஷியா பிரான்ஸ்கிட்ட இருந்துச்சு, ஞாபகம் இருக்கட்டும்!

நான் நீதிபதிகளைக் குறை சொல்லலை. விதி அப்படி இருந்தா அவங்க அப்படித்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். கால் இழந்த அந்த வீரர் சம்பாதிச்ச சர் இந்தத் தீர்ப்பால அசையலை. பரம்பரையா வந்த சர் ஒரு சோதனைக் குழாயில கரைஞ்சு போச்சு. எது நிஜமான மரியாதைன்னு இதுக்கு மேல யாராவது விளக்கணுமா?

வழக்கமா வர்ற நாலு பதில்கள்

"அதிகாரமே இல்லாத வெறும் அலங்காரம்தானே, விட்டுடுங்க." சரி, வெறும் அலங்காரம்னா எடுத்துடறதுல என்ன கஷ்டம்? பிரிவி கவுன்சில் வரைக்கும் வழக்குப் போடுற அளவுக்கு மதிப்பு இருக்குல்ல? ஒரு அறையில நுழையும்போதே சிலருக்குத் திரும்பிப் பார்க்கிற மரியாதை கிடைச்சா, மத்தவங்க ரெண்டு படி கீழே நின்னுதான் ஆரம்பிக்கணும். அதிகாரம்னு தனியா எழுதி ஒட்டணுமா என்ன?

"முன்னோர்கள் பெரிய காரியம் பண்ணியிருக்காங்க." பண்ணியிருக்காங்க. மும்பையில ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் 1857-ல் பேரனெட் ஆனார், இந்தியர்கள்ல முதல் ஆள். ஆஸ்பத்திரி கட்டக் காசை வாரிக் கொடுத்தவர். அந்த ஜே.ஜே. ஆஸ்பத்திரிதான் அவருக்கு ஞாபகச் சின்னம். அங்க இன்னிக்கும் நோயாளிகள் வர்றாங்க. பட்டத்துக்கு வர்ற வாரிசு ஒவ்வொருத்தரும் அவர் பேரையே வெச்சுக்கணும்னு ஒரு தனிச் சட்டமே போட்டாங்க. பேரை வாரிசுக்கு வெக்கலாம். கொடை மனசை எந்தச் சட்டத்துல வெப்பீங்க?

"நானூறு வருஷப் பாரம்பரியம்." பழசா இருக்கிறதாலேயே ஒரு கோடு சரியாயிடாது. நம்ம வேலையில தெரியும்ல, யாரும் தொடப் பயப்படுற பழைய மாட்யூல்ல இருந்துதான் பாதி பக் வரும். அவங்களே 1964-ல் இதை நிறுத்தியாச்சு. 1999-ல் பெரும்பாலான பரம்பரைப் பிரபுக்களைப் பிரபுக்கள் சபையை விட்டு அனுப்பியாச்சு. இது தப்புன்னு அவங்களுக்கே தெரியும். இருக்கிற ஆயிரத்துச் சொச்சம் பட்டத்தை மட்டும் ஓட விட்டுட்டாங்க.

"நம்ம மட்டும் யோக்கியமா?" இது நியாயமான கேள்வி, ஒத்துக்கிறேன். நம்ம அரசியல் சட்டம் 18-ம் பிரிவுல பட்டங்களை ஒழிச்சுது. பத்ம விருதைக்கூடப் பேருக்கு முன்னாடி பின்னாடி போட்டுக்கக் கூடாதுன்னு 1995-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. ஏட்டுல நாம ஒரு படி மேல. தெருவுல? பேச்சை எடுக்க வேண்டாம். ஆனா என் வீட்டுக் கூரை ஒழுகுதுங்கறதுக்காக எதிர் வீட்டு ஓட்டையைக் காட்டி 'அதுதான்டா அரண்மனை'ன்னு என்கிட்ட சொல்லாதீங்க. நண்பர் அன்னிக்குச் சொன்னது அதைத்தான்.

எனக்கென்ன வந்துச்சு, எங்கேயோ இருக்கிற லண்டன் விஷயத்துக்கு இவ்வளவு கோபம் எதுக்குன்னு கேட்பீங்க. மேலே இருக்கிற முதல் மூணு பதிலையும் இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. சும்மா அடையாளம்தானே, முன்னோர்கள் பெரியவங்க, காலங்காலமா இருக்கு. பிறப்பால ஒருத்தன் உசத்தின்னு சொல்ற ஆளுங்ககிட்ட நாம சின்ன வயசுல இருந்து கேட்ட அதே மூணு வசனம். அங்க கேட்டா மட்டும் இனிக்குதா?

சரி, என்ன பண்ணலாம்?

யார் கழுத்தையும் அறுக்க வேண்டாம். இப்போ பட்டம் வெச்சிருக்கிறவங்க ஆயுசு வரைக்கும் வெச்சுக்கட்டும். கூடவே ஒரே ஒரு வரிச் சட்டம், இதுக்கு மேல வாரிசுக்குப் போகாது. அம்பது அறுபது வருஷத்துல தானா முடிஞ்சுடும். பொண்ணுங்களுக்கும் கொடுத்துடலாமேன்னு சிலர் சொல்றாங்க. தப்பான விஷயத்தைச் சமமாப் பங்கு போட்டா அது சரியாகாதுங்க. அதுவரைக்கும் ஓடணும்னா, சரி, கரோல்களுக்கும் கொடுங்க. ஆனா கடைசியில கதவைச் சாத்துங்க.

மன்றோ சிலை அங்கேயே இருக்கட்டும். அது மன்றோவுக்கு வெச்சது. அவர் பேரனுக்கு இல்லை.

திங்கட்கிழமை நண்பருக்கு இந்தப் பதிவோட சுட்டியை அனுப்பப் போறேன். "ஈதர்நெட் பத்தி எழுதியிருக்கேன், படிங்க"ன்னு. :)

உங்க கருத்தைப் பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறதா இருந்தாலும் சொந்தப் பேர்ல வந்து திட்டுங்க, அப்பா பேரைச் சொல்லிக்கிட்டு வராதீங்க.